தண்ணீர் பட்டால் சுருங்கும் ‘ஸ்பாஞ்ச்’

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை விளக்கி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். சுசுமு கிட்டகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி மூவரின் பங்கும் பிழையில்லாமல் சொல்லப்பட்டிருந்தது. எங்களுக்குக் குறையாகப் பட்டவை இரண்டு. உலோக அணுக்களைக் கரிமத் துண்டுகள் இணைப்பதால் உருவாகும் நுண்துளைப் படிகங்களான உலோக-கரிமச் சட்டகங்களை ‘ஸ்பாஞ்ச் மாதிரி’ என்று திரும்பத் திரும்ப எழுதிவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டது ஒன்று. இத்துறையில் உழைத்த பிரெஞ்சு வேதியியலாளர் ஜெரார் ஃபெரேயின் பெயர் ஒரு வரியில்கூட வராதது இன்னொன்று. யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே குறைதான். ஃபெரே செய்த வேலையைத் தெரிந்தவர்களுக்கு ஸ்பாஞ்ச் என்று எழுதக் கை கூசும்.

காரணம் எளிது. அவருடைய குழு 2002-இல் வெளியிட்ட மில்-53 என்ற குரோமியச் சேர்மம் ஈரம் பட்டால் சுருங்கும், காயவைத்தால் விரியும். எந்தக் கடையில் வாங்கிய ஸ்பாஞ்ச் இப்படி நடந்துகொள்கிறது?

ஃபெரே 1941-இல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் பிரெஹால் என்ற ஊரில் பிறந்தவர். 2017 ஆகஸ்டில் காலமானார். மறைந்தவர்களுக்கு நோபல் வழங்குவதில்லை என்பது விதி. ஆகவே பரிசுப் பட்டியலைப் பற்றி எங்களுக்கு வழக்கு எதுவும் இல்லை. பிரான்சின் தேசிய ஆய்வு மையமான சி.என்.ஆர்.எஸ். தன் தங்கப் பதக்கத்தை 2010-இல் அவருக்கு அளித்தது என்பதை மட்டும் குறித்துவிட்டு விஷயத்துக்கு வருகிறோம்.

கார்ப் பந்தயத்துக்குப் பேர்போன லெ மான் நகரத்துப் பல்கலைக்கழகத்தில்தான் அவர் ஆய்வு வாழ்க்கையின் முதல் பாதி கழிந்தது. நுண்துளை, வாயு, மருந்து எதுவும் அப்போது கிடையாது. உலோக ஃப்ளூரைடுகளின் படிக அமைப்பும் அவற்றின் காந்தப் பண்பும்தான் பாடம். இரும்பு டிரைஃப்ளூரைடை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இரும்பு, அதைச் சுற்றி ஆறு ஃப்ளூரின், ஆக ஒரு எண்முகி. ஒவ்வோர் எண்முகியும் தன் ஆறு மூலைகளையும் பக்கத்து எண்முகிகளோடு பகிர்ந்துகொள்கிறது. வாய்பாடு ஒன்றுதான், ஆனால் மூலைகளை இணைக்க வழிகள் பல. லெ மான் குழு இதே வாய்பாட்டுக்குப் புதிய படிக வடிவங்களைச் செய்து காட்டியது. வழக்கமான வடிவத்தில் இரும்பு அணுக்கள் முக்கோணமாக அமைவதில்லை. பக்கத்துப் பக்கத்து அணுக்களின் காந்தத் திசைகள் ஒன்றுக்கொன்று எதிராகச் சிக்கலில்லாமல் நிற்கும். அந்த ஒழுங்கு சுமார் 365 கெல்வின் வரை, அதாவது அறை வெப்பத்துக்கு மேலேயும் தாங்கும். புதியவற்றில் ஒன்றான பைரோகுளோர் வடிவத்திலோ எங்கு பார்த்தாலும் முக்கோணம். மூன்று பேர் நிற்கும் இடத்தில் ஒவ்வொருவரும் மற்ற இருவருக்கும் எதிராகத் திரும்பி நில் என்றால் எப்படி முடியும்? அந்தத் திண்டாட்டத்தால் காந்த ஒழுங்கு ஏற்பட சுமார் 20 கெல்வின் வரை குளிர வேண்டியிருக்கிறது.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. எண்முகிகள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதே பொருளின் குணத்தைத் தீர்மானிக்கிறது என்ற பார்வை அங்கே உருவானது. ஃப்ளூரைடைக் கையாளும் பழக்கமும் அங்கிருந்து வந்ததுதான். பின்னாளில் மில்-101-இன் செய்முறையில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருப்பது தற்செயல் அல்ல. 1990-களில் காலியம், அலுமினிய பாஸ்பேட்டுகளில் ஃப்ளூரைடைச் சேர்த்துப் பெரிய துளைகள் கொண்ட ‘யு.எல்.எம்.’ வரிசைப் பொருட்கள் வந்தன. அந்த எழுத்துகள் லெ மான் பல்கலைக்கழகத்தைக் குறிப்பவை. 1996-இல் அவர் வெர்சாயில் லவாய்சியர் நிறுவனத்தைத் தொடங்கினார். ‘லவாய்சியர் நிறுவனத்தின் பொருட்கள்’ என்பதன் பிரெஞ்சு முதலெழுத்துகளே ‘மில்’. பாஸ்பேட்டின் இடத்தில் கார்பாக்சிலிக் அமிலம் வந்தது. கனிமச் சங்கிலியும் கரிமப் பாலமும் சேர்ந்த கலப்புப் பொருட்கள் அங்கிருந்துதான் வரிசையாக வெளிவந்தன.

இனி மில்-53. குரோமியம் எண்முகிகள் ஹைட்ராக்சில் (OH) மூலைகளால் ஒன்றோடொன்று கோத்து நீளச் சங்கிலியாகின்றன. சங்கிலிகளை டெரிப்தாலேட் என்ற தட்டையான கரிமத் துண்டு நான்கு பக்கமும் இணைக்கிறது. சங்கிலியின் நீளத்தில் கண் வைத்துப் பார்த்தால் சாய்சதுரக் குழாய்கள் வரிசையாகத் தெரியும். பழைய லிப்டிலும் நகைக்கடை வாசலிலும் இருக்கும் கொலாப்சிபிள் கேட் நினைவுக்கு வருகிறதா? அதேதான். இரும்புப் பட்டைகள் வளைவதில்லை, முறிவதில்லை. கீல்கள் மட்டும் திரும்புகின்றன, கதவு முழுதும் மடங்குகிறது. இங்கே கீலாக இருப்பது கார்பாக்சிலேட்டின் இரண்டு ஆக்சிஜன்களைச் சேர்க்கும் கோடு. தண்ணீர் மூலக்கூறு குழாய்க்குள் நுழைந்ததும் சுவரிலுள்ள ஹைட்ராக்சிலையும் கார்பாக்சிலேட் ஆக்சிஜனையும் ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்து உள்ளே இழுக்கிறது. குழாயின் அகலம் 5 ஆங்ஸ்ட்ராமுக்கு (அரை நானோமீட்டருக்கு) மேல் மாறுகிறது, படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைப் பெட்டியான அலகுக்கூட்டின் கன அளவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. சூடாக்கித் தண்ணீரை விரட்டினால் பழையபடி திறந்துகொள்ளும். படிகம் நொறுங்குவதில்லை.

ஹைட்ராக்சில்தான் காரணம் என்பதற்குச் சாட்சி, அதே நிறுவனத்தின் மில்-47. அமைப்பு அதேதான். உலோகம் மட்டும் வனேடியம். காற்றில் சூடாக்கியதும் வனேடியம் 3+ நிலையிலிருந்து 4+ ஆகிறது, ஹைட்ராக்சில் இருந்த இடத்தில் வெறும் ஆக்சிஜன் நிற்கிறது. தண்ணீருக்குப் பிடி கிடைப்பதில்லை, கதவும் மடங்குவதில்லை. கார்பன் டை ஆக்சைடும் மில்-53-இல் இந்தப் பிடியைப் பயன்படுத்திக்கொள்கிறது. அறை வெப்ப அளவில், குறைந்த அழுத்தத்திலேயே குழாயைச் சுருக்கிவிடும். அழுத்தம் 6 பார் அளவை நெருங்கும்போது, உள்ளே வரும் மூலக்கூறுகளின் நெருக்கடியால் குழாய் மீண்டும் திறக்கும், வரைபடத்தில் படிக்கட்டு போல ஒரு ஏற்றம் தெரியும். மீத்தேனுக்கு அந்தப் படி இல்லை. இரண்டு வாயுக்களைப் பிரிப்பது பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசம்தான் முதலீடு. மில்-88 குடும்பமோ நேர் எதிர். கரைப்பான் நுழைந்தால் வீங்கும். அதில் மிக நீளமான கரிமப் பாலம் கொண்ட மில்-88டி, வறண்ட நிலையைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு கன அளவுக்குப் போகும். ஆக, ஸ்பாஞ்ச் என்று எழுதினால் எந்த ஸ்பாஞ்ச் என்று வாசகர் கேட்கத்தான் செய்வார்.

ஒரு சொல் திருத்தமும் உண்டு. கட்டுரை முழுக்க ‘உறிஞ்சுகிறது’ என்றே எழுதியிருக்கிறீர்கள். இங்கே நடப்பது பரப்பு கவர்தல், அதாவது மூலக்கூறுகள் துளைச் சுவரின் பரப்பில் ஒட்டிக்கொள்வது. பள்ளிப் பாடநூலே இரண்டையும் பிரித்துத்தான் சொல்கிறது.

மில்-101-க்குப் போவோம். 2005-இல் வெளிவந்த இந்தக் குரோமிய டெரிப்தாலேட்டின் கனசதுர அலகுக்கூட்டின் பக்க நீளம் சுமார் 89 ஆங்ஸ்ட்ராம், கன அளவு சுமார் 7,02,000 கன ஆங்ஸ்ட்ராம். இதெல்லாம் புரதப் படிகங்களில் பார்க்கும் அளவு. உள்ளே 29, 34 ஆங்ஸ்ட்ராம் விட்டமுள்ள இரண்டு வகைக் கூண்டுகள். சிக்கல் என்னவென்றால், இது தூளாகத்தான் கிடைக்கிறது. ஒற்றைப் படிகம் கிடைத்தால் எக்ஸ் கதிர் ஆய்வில் முப்பரிமாணத் தகவல் கைக்கு வரும். தூளில் அந்தத் தகவல் முழுவதும் ஒற்றைக் கோட்டில் நசுங்கி, முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். இவ்வளவு பெரிய கூட்டை அதிலிருந்து வழக்கமான முறையில் மீட்க முடியாது. வெர்சாய்க்காரர்கள் தலைகீழாகப் போனார்கள். கரைசலில் எந்தச் செங்கல் உருவாகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்: மூன்று குரோமிய எண்முகிகள் நடுவில் ஓர் ஆக்சிஜனைப் பகிரும் முக்கூட்டு. அந்தச் செங்கற்கள் நான்கு சேர்ந்தால் ஒரு பெரிய நான்முகி. அந்த நான்முகிகளை எத்தனை வழிகளில் அடுக்கலாம் என்று கணினியில் அடுக்கிப் பார்த்து, ஒவ்வொன்றும் தரவேண்டிய எக்ஸ் கதிர்க் கோலத்தைக் கணக்கிட்டு, அளந்த கோலத்தோடு வைத்துப் பார்த்தார்கள். கரோலின் மெலோ-டிராஸ்னிக்ஸ், கிறிஸ்டியான் செர் போன்றோரின் உழைப்பு இதில் பெரிது. பொருந்திய அடுக்கு, நுண்துளைக் கனிமங்களான ஜியோலைட்டுகளில் ஏற்கெனவே அறிந்த ஒன்றுதான். சிறிய சிலிக்கான் நான்முகி நின்ற இடத்தில் பெரிய நான்முகி நிற்கிறது, அவ்வளவே. செங்கல் பெரிதானால் வீட்டின் வரைபடம் மாறவேண்டியதில்லை, அறைகள் பெரிதாகும். ஃபெரே ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்ததும் இதைத்தான்.

‘உலோக உப்பையும் கரிம அமிலத்தையும் கலந்து சூடாக்கினால் போதும்’ என்று உங்கள் பெட்டிச் செய்தியில் ஒரு வரி இருந்தது. முதுநிலை மாணவர்கள் அதை நம்பிச் செய்து ஏமாறக்கூடும் என்பதால் உண்மையான அளவுகளையே தருகிறோம்.

மில்-101-க்கு வெளியிடப்பட்ட செய்முறை: குரோமியம் நைட்ரேட் நோனாஹைட்ரேட் 400 மில்லிகிராம், டெரிப்தாலிக் அமிலம் 166 மில்லிகிராம், ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் 1 மில்லிமோல் (5 மோலார் கரைசலில் 0.2 மில்லிலிட்டர்), தண்ணீர் 4.8 மில்லிலிட்டர். டெஃப்லான் உறையிட்ட எஃகு ஆட்டோகிளேவில் (மூடிய அழுத்தக் கலத்தில்) 220 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம். கண்ணாடி கூடாது, அந்த அமிலம் கண்ணாடியைத் தின்னும். 220 டிகிரியில் நீராவி மட்டுமே 23 பார் அழுத்தம் தரும். ஆகவே கலத்தை வாய்வரை நிரப்புவதோ சூடு ஆறுமுன் திருகைத் தளர்த்துவதோ தற்கொலை. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் பட்ட தோல் உடனே எரியாமலும் இருக்கலாம், ஆனால் அது ஆழம் போய் உடலின் கால்சியத்தைப் பிடிக்கும். கால்சியம் குளூக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத ஆய்வகம் இந்த வேலையைத் தொடக்கூடாது. அந்த அமிலமே இல்லாமல், நைட்ரிக் அல்லது அசிட்டிக் அமிலத்தோடு செய்யும் முறைகள் இப்போது உண்டு. துகள் நுண்ணியதாகி வடிகட்டுவது சிரமமாகும், மேற்பரப்பும் சற்றுக் குறையலாம். கல்லூரிக்கு அது போதும்.

நேரத்தையும் இஷ்டத்துக்கு நீட்டக்கூடாது. மில்-53, மில்-88பி, மில்-101 மூன்றுக்கும் பொருட்கள் இதே குரோமியமும் டெரிப்தாலேட்டும்தான். மில்-101 அவசரத்தில் உருவாகும் வடிவம். அடுப்பிலேயே விட்டுவைத்தால், அதைவிட நிலையான, அடர்த்தியான மில்-53 தலைகாட்டத் தொடங்கும். இரவு முழுக்க வைத்தால் நன்றாக விளையும் என்று நினைப்பவர்களுக்குக் கிடைப்பது கலவை.

பெரிய தவறு நடப்பது கழுவும்போது. கணக்கு இப்படி: மேலே சொன்ன அளவுக்கு முழு விளைச்சல் கிடைத்தால் உலர்ந்த பொருள் சுமார் 240 மில்லிகிராம் வரவேண்டும். உண்மையில் வருவது ஏறத்தாழ பாதி, 120. அப்படியென்றால் டெரிப்தாலிக் அமிலமும் பாதி, 83 மில்லிகிராம், வினைபுரியாமல் மிஞ்சுகிறது. குளிர்ந்த 5 மில்லிலிட்டர் தண்ணீரில் அது 0.1 மில்லிகிராம்கூடக் கரையாது. ஆறும்போது ஊசி ஊசியாகப் படிகமாகிப் பச்சைத் தூளோடு கலந்துவிடும், கொஞ்சம் கூண்டுகளுக்குள்ளும் தங்கிவிடும். கழுவாமல் எடைபோட்டால் 200 மில்லிகிராமுக்கு மேல் காட்டும், 84 விழுக்காடு விளைச்சல் என்று நோட்டில் எழுதத் தோன்றும். அதில் ஐந்தில் இரண்டு பங்கு, பெட் பாட்டில் செய்யும் ஆலைகளுக்குப் போகும் அதே மூலப்பொருள்.

ஆகவே முதலில் பெரிய துளையுள்ள கண்ணாடி வடிகட்டி. மில்-101 துகள்கள் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும், அமில ஊசிகள் மேலே நிற்கும். அடுத்து, இறங்கியதை நுண்ணிய வடிதாளில் பிடிக்க வேண்டும். பிறகு 80 டிகிரி எத்தனாலில் ஒரு நாள். அதற்கும் அசையாமல் கூண்டுக்குள் ஒட்டியிருப்பதை, 70 டிகிரி அளவில் அம்மோனியம் ஃப்ளூரைடு கரைசல் வெளியேற்றும். சூடாக இருக்கும்போதே வடிகட்டி வெந்நீரில் கழுவ வேண்டும். ஆறவிட்டால் கரைந்தது திரும்பப் படியும். 150 டிகிரியில் உலர்த்தலாம். அமிலத்தை ஆவியாக்கி விரட்டிவிடலாமே என்று 300 டிகிரிக்குப் போகாதீர்கள், மில்-101 காற்றில் 275 டிகிரிக்கு மேல் சிதையும். அந்தக் குறுக்குவழி மில்-53-இன் அலுமினிய வடிவத்துக்கு மட்டும் செல்லும். அதற்கு அலுமினியம் நைட்ரேட் நோனாஹைட்ரேட் 1.30 கிராம், டெரிப்தாலிக் அமிலம் 0.288 கிராம், தண்ணீர் 5 மில்லிலிட்டர், 220 டிகிரியில் 3 நாள். பின்னர் காற்றில் 330 டிகிரியில் 3 நாள் சுட்டால் குழாயிலுள்ள அமிலம் வெளியேறிவிடும், சட்டகம் அசையாது. ஃப்ளூரைடு எதுவும் வேண்டாம். முதன்முதலாகச் செய்பவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது.

செய்ததைச் சோதிப்பதிலும் பொறி இருக்கிறது. எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ் கதிர்க் கோலம்) எடுக்கக் கொடுத்தால் பல இடங்களில் வழக்கப்படி 10 டிகிரியிலிருந்துதான் ஓட்டுவார்கள். மில்-101-இன் முக்கிய முகடுகள், தாமிரக் கதிர்வீச்சில், 3.3, 5.2, 8.4, 9.1 டிகிரிப் பக்கம் இருக்கின்றன. அதாவது பொருளின் முகத்தை வெட்டிவிட்டுக் கழுத்துக்குக் கீழே படம் எடுத்த கதை. குறுகிய பிளவு வைத்து 2 டிகிரியிலிருந்து ஓட்டச் சொல்லிக் கேட்க வேண்டும், கருவி அனுமதிக்காவிட்டால் 3-இலிருந்தாவது. 17.4, 25.2, 27.9 டிகிரியில் கூர்மையான முகடுகள் நின்றால் கழுவியது போதவில்லை, அது டெரிப்தாலிக் அமிலம். அகச்சிவப்பு நிறமாலையில் 1,680–1,710 செ.மீ.⁻¹ பகுதியில் தோள்தட்டி நிற்பதும் அதுவே. குரோமிய மில்-53-ஆக இருந்தால் இன்னொரு வேடிக்கை. அடுப்பிலிருந்து எடுத்ததும் ஒரு கோலம், சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஈரக்காற்றில் வைத்துவிட்டு எடுத்தால் வேறொரு கோலம். மாசு என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடக்கூடாது, கதவு சாத்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இரும்பு மில்-53 காய்ந்த நிலையிலேயே மூடிக்கொள்ளும். உலோகம் மாறினால் நடத்தையும் மாறும்.

கடைசியாக அந்தக் கால்பந்து மைதானம். ‘ஒரு கிராமில் ஒரு மைதானம்’ என்று தலைப்பே போட்டிருந்தீர்கள். 105-க்கு 68 மீட்டர் மைதானத்தின் பரப்பு 7,140 சதுர மீட்டர். நோபல் குழு, யாகியின் மோஃப்-5 என்ற சட்டகத்தைப் பற்றிச் சொன்னது ‘ஓரிரு கிராம்’. மில்-101-க்கு லாங்மியூர் கணக்கில் கிராமுக்கு 5,900, பல அடுக்குகளுக்கும் இடம் தரும் பி.இ.டி. கணக்கில் 4,100 சதுர மீட்டர். ஒரே தூள், ஒரே நைட்ரஜன் அளவீடு, வேறுவேறு சூத்திரம். லாங்மியூர் முறை வாயு ஒற்றை அடுக்காக மட்டுமே ஒட்டுகிறது என்று எடுத்துக்கொள்கிறது. மூன்று நானோமீட்டர் கூண்டில் அடுக்கின்மேல் அடுக்கு ஏறுவதால் எண் ஊதிவிடும். பி.இ.டி.-யிலும், எந்த அழுத்தப் பகுதியைக் கணக்கில் எடுத்தோம் என்பதைப் பொறுத்து எண் நகரும். நுண்துளைப் பொருளுக்குக் கருவியில் முன்கூட்டியே பதிந்திருக்கும் 0.05–0.3 ஒப்பு அழுத்தப் பகுதியை அப்படியே எடுப்பது சரியல்ல. ஐந்தில் இரண்டு பங்கு அமிலம் கலந்த தூளை அளந்தால், கூண்டுகளில் அடைப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 4,100 என்பது 2,400-க்கு இறங்கிவிடும். எண் குறைந்தால் பொருள் மோசம் என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் கழுவியவர் அவசரப்பட்டிருப்பார்.

மருந்துப் பயன் பற்றிய பத்தியில் ஒரு திருத்தம் போதும். மில்-101 ஒரு கிராம், 1.4 கிராம் வலிநிவாரணி ஐபுபுரூஃபனைத் தாங்கியது என்று 2006-இல் வெளியானது உண்மை. ஆனால் அது குரோமியச் சேர்மம், உடலுக்குள் அனுப்ப ஏற்றதல்ல. அதனால்தான் பாட்ரிசியா ஓர்காஹாடாவும் மற்றவர்களும் இரும்பு மில்-100-க்கு மாறினார்கள். 2010-இல் வந்த நானோ துகள் முடிவுகள், ரத்தப் புற்றுக்கான பியூசல்ஃபானை எடையில் 25 விழுக்காடு வரை ஏற்றியது உட்பட, இரும்புக்கு உரியவை. உங்கள் பத்தி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

இதன் தொடர்ச்சி வெளியாகுமானால், மேற்பரப்பு எண் தரும் இடத்தில் லாங்மியூரா, பி.இ.டி.யா என்ற ஒற்றைச் சொல்லைப் பக்கத்தில் அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
திண்மநிலை வேதியியல் கற்பிக்கும் வாசகர்கள் சிலர்